ஒன்பதாம் நம்பர் பேட்டரி

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். பல் தேய்த்தேன். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்கு முன் இறக்கினேன். காப்பி ஒரு டம்ளர். இரண்டாவது டம்ளரையும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அது அழுக்காக இல்லை. சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டேன். செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்தேன். அங்கே இருப்பவை என் அளவு இல்லை. பதினொரு மாதமாக இதே வரிசைதான்.

ஏழேகாலுக்கு மச்சான் வந்தான். என் மனைவியின் அண்ணன். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். தங்கை போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு என் துப்பறியும் தொழிலில் வந்து ஒட்டிக்கொண்டான். நான் கூப்பிடவில்லை. அவனும் கேட்கவில்லை. வண்டி ஓட்டுவான். வாயை மூட மாட்டான்.

"மாப்ள, உன் சட்டை முதுகு யானைத் தோல் மாதிரி இருக்கு. எவனாவது பின்னால இருந்து சுட்டா குண்டு வழுக்கிட்டுப் போயிடும்."

"கிளம்பு."

"காப்பி?"

"குடிச்சாச்சு."

"நான் குடிக்கலையே?"

இரண்டாவது டம்ளரில் அவனுக்குக் கொடுக்கலாம். கொடுத்ததில்லை. கதவைப் பூட்டினேன்.

முந்தின நாள் மாலை ஒரு தையல்காரர் வந்திருந்தார். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்திருந்தார். அவர் மனைவி ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். பழைய பெட்ரோல் வண்டிகளை மின்சார வண்டிகளாக மாற்றும் பட்டறை. புதுப் பேட்டரி வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. விபத்தில் நொறுங்கிய மின்சாரக் கார்களிலிருந்து கழற்றியதைத்தான் வாங்கிப் போடுவார்கள். அதில் எது தேறும், எது தேறாது என்று சோதிப்பது அவர் வேலை. பட்டறையில் அவருக்கு 'மீட்டர் அக்கா' என்று பெயர். பன்னிரண்டு நாளைக்கு முன் சோதனை மேஜையில் ஒரு பேட்டரி தீப்பிடித்தது. ஆம்புலன்ஸிலேயே இறந்துவிட்டார்.

"அவ கம்பியைத் தப்பா மாட்டினதாலதான்னு முதலாளி சொல்றாரு. போலீஸும் அப்படியே எழுதிட்டாங்க" என்றார் தையல்காரர். "அந்த லாட்டுல வந்த மத்த பேட்டரியெல்லாம் காது கேளாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்து வேன்ல மாட்டியாச்சு. நாளைக்கு நாலு மணிக்கு வேனை ஒப்படைக்கறாங்க. பதினெட்டு பிள்ளைங்க. அவ தப்புன்னா வேன் நல்ல வேன். அவ தப்பில்லைன்னா அதுல ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது. எது உண்மைன்னு நாலு மணிக்குள்ள சொல்லுங்க சார்."

"வேற ஏதாவது என்கிட்ட சொல்லணுமா?"

டேப்பைச் சுருட்டினார். விரித்தார். மறுபடி சுருட்டினார்.

"பதினெட்டுல ஒண்ணு என் பொண்ணு" என்றார்.

அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

*

பட்டறை வாசலிலேயே வாசனை வந்தது. கருகிய ரப்பர். அதன் மேல் யாரோ ரோஜா ஸ்ப்ரே அடித்திருந்தார்கள்.

"ரோஜாவை டயர்ல வறுத்த மாதிரி இருக்கு" என்றான் மச்சான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

முதலாளி எங்களைக் கண்டதும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கைக்குட்டையின் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி சார் அவங்க."

சுவரில் மீட்டர் அக்காவின் படம் மாட்டியிருந்தது. ஏதோ குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. பக்கத்தில் நின்றவரின் காது மட்டும் ஓரத்தில் மிச்சமிருந்தது. படத்துக்கு மேலே 'பாதுகாப்பே முதல் வேலை' என்று ஒரு பலகை. பலகை புதிது. ஆணியும் புதிது.

"தீப்பிடிக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ் ரூம்ல சார், கதவைச் சாத்திக்கிட்டு. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன். ஆம்புலன்ஸ்லயும் நான்தான் கூடப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'தப்பு என்னோடதுதான் சார். கம்பியைத் தலைகீழா மாட்டிட்டேன். பிள்ளைங்க வேனை மட்டும் நிறுத்திடாதீங்க.' அதுதான் அவங்க கடைசி வார்த்தை. அந்த வார்த்தைக்காகத்தான் சார் இன்னைக்கு இந்த வேன் ஓடப்போகுது."

மூன்று வாக்கியங்கள். மூன்றும் முதலாளிக்கு உபயோகமானவை.

என் மனைவி கடைசியாகச் சொன்னது நான்கு சொற்கள். அதில் ஒன்று செருப்பு. வீட்டில் எல்லோரும் கேட்டபோது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன். மச்சானிடமும் அதையேதான் சொன்னேன். அதனால் பொய்யான கடைசி வார்த்தை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒழுங்காக இருக்கும்.

"அவங்க வேலை செஞ்ச இடத்தைப் பாக்கலாமா?"

சோதனை மேஜை பாதி கருகியிருந்தது. மேஜை விளிம்பில் ஒரு செல்போன் ஸ்டாண்ட் உருகிச் சாய்ந்திருந்தது. நிற்பவரின் முகத்துக்கு நேரே வரும் உயரம்.

"இது?"

"வேலை செய்யும்போது பாட்டு கேப்பாங்க."

"இவ்வளவு கிட்ட வெச்சா? காது இந்தப் பக்கம்தானே இருக்கு?" என்றான் மச்சான். முதலாளி அதைக் கேட்காதவர் போல அலமாரியிலிருந்து ஒரு நீண்ட பதிவுப் புத்தகத்தை எடுத்தார்.

"மூணு வருஷம். வாங்கின ஒவ்வொரு பேட்டரிக்கும் ரீடிங் இதுல இருக்கு. மீட்டர்ல பாத்த கையோட, அந்த இடத்துலயே நின்னு எழுதிடுவாங்க. எழுத்தைப் பாருங்க, அச்சு மாதிரி."

உண்மைதான். முத்து முத்தான எழுத்து. '4' மட்டும் தலை திறந்த நாலு. பக்கங்களில் ஒரு எண்ணெய்க் கறை இல்லை. மடிப்புகளில் வெளிர்நீலத் தூள் கொஞ்சம் படிந்திருந்தது. ஒரு பக்கத்தில் நூல் துணுக்கு.

கடைசிப் பக்கம் இறந்த நாளின் தேதி. வேனுக்கு வந்த பதினாறு பேட்டரிகள். முதல் எட்டுக்கு நேராக 'நன்று'. ஒன்பதுக்கு நேராக: 'முதல் தடவை கம்பி தலைகீழாக மாட்டிவிட்டேன். பொறி பறந்தது. என் தவறு. மறுபடி மாட்டிப் பார்க்கிறேன். மணி 11.30.'

அதே முத்தான எழுத்து. அதே திறந்த நாலு. மடிப்பில் மட்டும் நீலத் தூள் இல்லை.

பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அலமாரியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை கிடந்தது. முழங்கை வரை நீளம். செருப்பு அடிப்பாகம் அளவுக்குத் தடிமன். மச்சானிடம் போடச் சொன்னேன். போட்டான். மேஜையில் கிடந்த பேனாவை எடுக்கப் பார்த்தான். விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு மூக்கைக்கூடச் சொரிய முடியாது மாப்ள. இதுல அச்சு மாதிரி எழுதினாங்களாம்."

"கழட்டிட்டு எழுதுவாங்க" என்றார் முதலாளி.

"பதினாறு பேட்டரிக்குப் பதினாறு தடவை கழட்டி, பதினாறு தடவை மாட்டி..."

"பொறுமைசாலி சார் அவங்க."

முற்றத்தில் வேன் நின்றது. மஞ்சள் நிறம். பக்கவாட்டில் சிரிக்கும் சூரியன் வரைந்திருந்தார்கள். ஒரு ஆள் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தான்.

காரில் ஏறியதும் மச்சான் யாருக்கோ போன் செய்தான். மருந்து விற்ற காலத்து சிநேகிதர்கள் அவனுக்கு எல்லா ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்தான்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதே அந்தக்காவுக்கு நினைவில்லையாம். முகத்தை மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். கடைசி வரைக்கும் கண்ணே திறக்கலையாம்."

"எழுதிக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்களாம். வேலை போயிடுமாம்." வண்டியைக் கிளப்பினான். பிறகு, "அப்ப முதலாளி யார் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனாரு? ஸ்டெப்னி டயரையா?"

*

பேட்டரி விற்றவருக்கு 'டாக்டர்' என்று பெயர். பேட்டரிகளுக்கு உடல்நலச் சான்றிதழ் தருவதால் அந்தப் பெயர். கழுத்தில் மீட்டர் ஒயரைப் போட்டிருந்தார். பின்னால் நொறுங்கிய கார்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு காரின் பின்சீட்டில் குழந்தையின் ஒற்றைக் காலுறை கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நாக்கை நீட்டணுமா டாக்டர்?" என்றான் மச்சான்.

"உங்களுக்கு என்ன வண்டி?" என்றார் அவர், சிரிக்காமல்.

"பழைய கார். மின்சாரத்துக்கு மாத்தணும்" என்றேன்.

தடித்த அகராதி அளவில் ஒரு தகரப் பெட்டியை மேஜையில் வைத்தார். மேலே '92%' என்று பச்சை ஸ்டிக்கர். மீட்டரை வைத்துக் காட்டினார். முள் கம்பீரமாக நின்றது.

"பாருங்க. புதுசு மாதிரி."

"ஓய்வுல காட்டினா எப்படி? லோடு குடுங்க."

பேட்டரி சும்மா இருக்கும்போது காட்டும் அளவை நம்பக் கூடாது. வேலை கொடுத்தால்தான் அதன் வயசு தெரியும். கல்லூரியில் ஒரு வருஷம் இதைத்தான் படித்தேன். வேறு எதற்கும் அந்தப் படிப்பு உதவியதில்லை.

"பொண்ணு பாக்க வந்த இடத்துல பாத்திரம் தேய்ச்சுக் காட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார் டாக்டர்.

"பாத்திரம் தேய்க்கத்தானே மாப்ள கூட்டிட்டுப் போறாரு" என்றான் மச்சான்.

மூலையில் கிடந்த லாரி விளக்கை நானே எடுத்து மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. நாற்பது எண்ணுவதற்குள் மஞ்சளானது. தொண்ணூறு எண்ணுவதற்குள் உள்ளே சிவப்புப் புழு மாதிரி ஒரு கம்பி மட்டும் தெரிந்தது. பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. திருகு ஓட்டைக்குள் ஒரு ஊசியை விட்டுச் சுரண்டினேன். சாம்பல் நிறச் சேறு வந்தது. நாற்றம் பிடித்த சேறு.

"இது வெள்ளத்துல மூழ்கின கார்."

"நான் இல்லைன்னு சொல்லலையே. நீங்க கேக்கல."

"தொண்ணூத்திரண்டுன்னு ஒட்டியிருக்கே?"

மேஜை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு ஸ்டிக்கர் சுருள். எல்லாம் 92. மச்சான் சுருளை எடுத்து முழ நீளத்துக்கு உருவினான்.

"அடப்பாவி. யாரும் ஃபெயில் ஆகாத பள்ளிக்கூடம்."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டு விஷயம் பேசுவது போலப் பேசினார்.

"நீங்க வேன் விஷயமா வந்திருக்கீங்க. பேட்டரி வாங்கற மூஞ்சி இல்லை. அந்த லாட்டு இதே வெள்ளம்தான். முதலாளிக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தாரு. ஒண்ணு எரிஞ்சுபோச்சுன்னு சொல்லி, அதுக்குப் பதிலா வேற குடுங்கன்னு அன்னைக்கு சாயந்திரமே ஆள் அனுப்பினாரு. அந்தம்மா உடம்பு வீட்டுக்குக்கூட வந்திருக்காது."

"குடுத்தீங்களா?"

"கேட்டா குடுக்கறதுதானே வியாபாரம்?"

"இதை நாலு பேர் முன்னால சொல்வீங்களா?"

"எதை?" என்றார் டாக்டர்.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயில் கையைக் கழுவினேன். இரண்டு தடவை. சேறு போய்விட்டது. வேறு ஏதோ போகவில்லை.

"மணி ஒண்ணரை" என்றான் மச்சான். "நம்ம கைல என்ன இருக்கு? பேசாத ஆம்புலன்ஸ், பேச மறந்த டாக்டர், நீலத் தூள். மூணையும் சேத்தாலும் ஒரு சாட்சி தேறாது."

"நீலத் தூள் எங்க இருக்கும்?"

"சலவைக்காரர்கிட்ட. பள்ளிக்கூடத்துல. இல்லைன்னா..." நிறுத்தினான். வண்டியைத் திருப்பினான். "துணியில கோடு போடுவாங்களே, அந்த சாக்குக் கட்டி."

*

தையல்கடை ஒரே அறை. இரண்டு இயந்திரங்கள். வெட்டு மேஜை மேல் நீலச் சாக்குக் கட்டி. பின்பக்கத் திரைக்கு அந்தப் பக்கம்தான் வீடு. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். மேஜையில் அளவுப் புத்தகம் திறந்திருந்தது. தோள், மார்பு, கை நீளம். முத்தான எழுத்து. தலை திறந்த நாலு.

மச்சான் என் காதில் சொன்னான்: "செத்தோம். கையெழுத்து நம்ம கட்சிக்காரரோடது."

படத்தைத் தையல்காரரிடம் நீட்டினேன். "இது உங்க மனைவி எழுத்தா?"

பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது என் எழுத்து" என்றார்.

மச்சான் வாசல் பக்கம் நகர்ந்து நின்றான், ஆள் ஓடினால் பிடிக்க.

"ஆனா நான் இதை எழுதலை."

"விளங்கும்படி சொல்லுங்க."

"அந்தப் புத்தகத்துல அவ ஒரு எழுத்துகூட எழுதினதில்ல சார். நாள் முழுக்க அந்தக் கையுறை. சாயந்திரம் கழட்டினா விரலெல்லாம் ஊறிச் சுருங்கி இருக்கும். பேனா பிடிக்க வராது. அதனால போன்ல பேசி எனக்கு அனுப்பிடுவா. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வருவா. ராத்திரி நான் ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதுவேன். காலைல கொண்டு போயிடுவா. பேட்டரி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. காலைல சாப்பாடு கட்டிக் குடுப்பேன், ராத்திரி எழுதுவேன். மூணு வருஷமா."

"கையுறை போட்ட கைக்குப் போன் வேலை செய்யாதே?"

"மூக்கால அமுக்குவா." முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "முகத்துக்கு நேரா போனை வெச்சிருப்பா. மூக்கை வெச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பேசுவா. மூக்கை எடுத்தா எனக்கு வந்துடும். சளி பிடிச்ச மாதிரி கேக்கும்."

அந்த ஸ்டாண்ட். பாட்டு கேட்பதற்கு இல்லை.

முதலாளி மூன்று வருஷம் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். அதில் இருப்பது அவர் சம்பளம் கொடுத்த பெண்ணின் எழுத்து என்று நினைத்திருக்கிறார். மீட்டர் அக்கா எப்படி வேலை செய்தார் என்று ஒரு நாளும் கவனித்துப் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகு, முதலாளி உட்கார்ந்து, பொறுமையாக, நாலின் தலையைக்கூடத் திறந்து வைத்து, தையல்காரரின் கையெழுத்தைப் பழகியிருக்கிறார்.

"அன்னைக்குக் காலைல ஏதாவது அனுப்பினாங்களா?" என்றேன்.

அவர் ஒரு சட்டையை எடுத்துப் பட்டனைச் சரிபார்த்தார். பட்டன் சரியாகத்தான் இருந்தது.

"ஒன்பது."

"கேட்டீங்களா?"

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒன்பதும் இன்னும் கேக்கலைன்னு காட்டற நீலப் புள்ளியோட அப்படியே இருக்கு சார். கேட்டுட்டா, அவ எனக்குச் சொல்ல இனிமே ஒண்ணும் மிச்சம் இருக்காது." சட்டையை மடித்தார். "நீங்க வேற வழியில கண்டுபிடிச்சுட்டா நான் கேக்க வேண்டி வராதேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

மச்சான் வாசலிலிருந்து உள்ளே வந்தான். எழுந்தேன்.

"நாலு மணிக்கு வாங்க. எழுத்தை வெச்சு முடிக்கப் பாக்கிறேன்."

காரில் போகும்போது மச்சான் பேசினான்.

"மாப்ள. அம்மாவைப் பாத்துக்கச் சொன்னான்னு சொன்னியே."

"ஆமா."

"அப்பவே ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு."

சிக்னல் பச்சையானது. அவன் ஓட்டினான்.

*

நாலு மணிக்கு ஐந்து நிமிடம். பதினெட்டு பிள்ளைகளும் வேனில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. ரிப்பனை வெட்டியாகிவிட்டது. முதலாளி கத்தரிக்கோலுடன் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். தலைமை ஆசிரியை ஓரமாக நின்றார். ஒடிசலான பெண்மணி. கைகள் மட்டும் எப்போதும் பேசத் தயாராக இருந்தன.

"டீச்சர், பிள்ளைங்களை இறக்குங்க" என்றேன்.

"ஏன்?"

"சார் துக்கத்துல இருக்கிற குடும்பத்துக்காகப் பேசறாரு" என்றார் முதலாளி. கைக்குட்டையை எடுத்தார். "நாங்க எல்லாருமே துக்கத்துலதான் இருக்கோம். ஆனா மீட்டர் அக்காவே தன் கையால எழுதி வெச்சிருக்காங்க."

"அவங்க கையால அந்தப் புத்தகத்துல ஒரு வரிகூட எழுதினதில்லை" என்றேன். "மூணு வருஷமும் எழுதினது அவங்க கணவர். ராத்திரி, வீட்டுல, தையல் மேஜையில. அதான் ஒவ்வொரு மடிப்புலயும் சாக்குத் தூள். நீங்க எழுதின பக்கத்துல மட்டும் இல்லை. நீங்க கஷ்டப்பட்டுப் பழகினது தப்பான ஆளோட கையெழுத்து."

கைக்குட்டை பாதி வழியில் நின்றது. ஒரு நொடிதான்.

"அப்படின்னா அவர்தான் எழுதியிருப்பாரு."

"பொண்டாட்டி தப்புன்னு அவரே எழுதி வெச்சுட்டு, அது பொய்யின்னு கண்டுபிடிக்க எங்களையும் கூப்பிட்டாராக்கும்" என்றான் மச்சான். "உங்க மூளையும் டாக்டர்கிட்ட வாங்கினதா? தொண்ணூத்திரண்டு ஒட்டியிருக்கா பாருங்க."

முதலாளி எங்களை விட்டுவிட்டு ஆசிரியையிடம் திரும்பினார். குரல் மெதுவாக, தெளிவாக வந்தது.

"டீச்சர், எழுத்து யாரோடதா வேணா இருக்கட்டும். அதனால பேட்டரி கெட்டதாயிடுமா? இந்தப் பேட்டரி சரியில்லைன்னு ஒரே ஒரு ரீடிங் காட்டச் சொல்லுங்க. ஒண்ணு போதும். நானே பிள்ளைங்களை இறக்கறேன்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். என்னிடம் ரீடிங் இல்லை. முதலாளி சொன்னது சரி. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இருக்கு" என்று பின்னால் ஒரு குரல்.

தையல்காரர். கழுத்தில் டேப். கையில் போன். அவரைப் பார்த்ததும் ஒரு சிறுமி வேனிலிருந்து குதித்து ஓடி வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நீலப் புள்ளியை அவரே தொட்டார்.

சளி பிடித்தது போல ஒரு பெண் குரல், மிகப் பக்கத்தில். "ஒண்ணு. ஓய்வுல சரி. லோடு குடுத்ததும் விழுந்துடுச்சு. உள்ள சேறு. வேண்டாம். எழுதிக்கோ."

"ரெண்டு. இதுவும் அப்படித்தான். வேண்டாம். எழுதிக்கோ."

"மூணு. பரவாயில்ல. நாலு மாசம் ஓடும். பிள்ளைங்க வேனுக்கு வேண்டாம். எழுதிக்கோ."

மூன்றாவது முடிவதற்குள் ஆசிரியை வேன் வாசலில் இருந்தார். கைகள் வேகமாகப் பேசின. பிள்ளைகள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். ஒரு குரலும் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆசிரியையின் முகத்தைப் பார்த்தே வேகமாக இறங்கினார்கள். எட்டாவது முடிந்தபோது வேன் காலியாக இருந்தது. எட்டிலும் ஒரு 'நன்று' இல்லை.

ஒன்பதாவது புள்ளி மேல் அவர் விரல் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். மச்சான் திரும்பவில்லை, தையல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டார்.

"ஒன்பது. பக்கமெல்லாம் வீங்கியிருக்கு. இதுக்கு லோடே குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்த சலிப்புடன்: "குடுத்துப் பாரும்மா. நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன்ல?"

ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவரின் குரல். முற்றத்தில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. ரிப்பன் கட்டிய ஆள் முதலாளியிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றான். முதலாளி கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தார். வாசலில் மச்சான் நின்றான். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. சும்மா நின்றான். முதலாளி திரும்பி வந்தார்.

"சரி, பாக்கிறேன்" என்றது பெண் குரல். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. "எழுதிக்கோ."

பதிவு முடியவில்லை. அவர் இன்னும் மூக்கை எடுக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சிறுமி தையல்காரரின் சட்டையை இழுத்துக் கையால் ஏதோ கேட்டாள். சைகை தெரியாத எனக்கும் அது புரிந்தது. அவர் ஒரு விரலைத் தூக்கினார். பொறு. அம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை.

"அப்புறம், சாப்பாட்டு டப்பாவுல இன்னைக்கும் கரண்டி வைக்கல நீ."